கந்தனின் பதினைந்து முடிச்சுகள்

சண்முகவேல் ஓமலூர்ப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் மழைமானி பார்த்தவர். தூறல் விழாத நாளிலும் "மழை இல்லை" என்று எழுதாமல் சாப்பிட உட்கார மாட்டார். ஓய்வு பெற்றபின் ஊர் ஏரியின் பறவைகளைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷமாகப் பங்குனியில், விடிந்ததும் ஏரிக் கருவேல மரங்களை விட்டுக் கிளம்பும் நாரை, கொக்குகளின் எண்ணிக்கை அவர் நோட்டில் ஏறியது. கண்ணில் புரை விழுந்தபின் மற்றவர்கள் எண்ணினார்கள், அவர் எழுதினார்.

1943-இல் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. ஏரி மரங்களை வெட்டிக் கரி சுடலாம் என்று ஊரில் பேச்சு எழுந்தது. சண்முகவேல் மன்றாடியதில் ஊர்ப் பெரியவர் சின்னண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தார்: பறவைகள் போன வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால் மரங்கள் தப்பும், குறைந்தால் கோடாலிதான். போன வருஷக் கணக்கு 1760.

பங்குனி பன்னிரண்டாம் தேதி இரண்டு பேர் கரையில் அருகருகே நின்று ஒரே கூட்டத்தை எண்ணினார்கள். விவசாயி செங்கோடன் நூற்றுக்கு ஒரு கல் வைத்தார். தறிக்காரர் கந்தன் நூலில் முடிச்சுப் போட்டார். செங்கோடனிடம் பதினெட்டுக் கல், மேலே பதினாலு. கந்தனிடம் பதினைந்து முடிச்சு, மேலே பதினொன்று.

"முந்நூறு கொக்கைக் கந்தன் மடியில கட்டிக்கிட்டானாட்ட இருக்குதுங்க" என்றார் செங்கோடன்.

"அண்ணன் தும்பியையும் சேத்தி எண்ணியிருப்பாருங்க" என்றார் கந்தன்.

மறுநாளும் அதே முந்நூறு இடித்தது. இடம் மாறி நின்றும் இடித்தது. சண்முகவேலுக்குத் தலை சுற்றியது. ஒரே மழையை இரண்டு மானிகள் இரண்டு அளவாகக் காட்டினால் குற்றம் மானியில்தான். கந்தனின் தறிக்கூடத்துக்குப் போய், தம் கண்ணெதிரே நூல் எண்ணச் சொன்னார். நூற்றிருபதாவது இழையில் முடிச்சு விழுந்தது.

"ஏன் நூத்திருபதுல போடறே?"

"அதுதானுங்களே ஒரு புஞ்சம்."

"நூலுக்குச் சரி. பறவைக்கு?"

கந்தன் தன் விரல்களையே பார்த்தார். "கை அங்கதானுங்க முடிச்சுப் போடுது."

அப்படியானால் 1811. மரங்கள் தப்பின. பாதி வழியில் சண்முகவேலின் கால் நின்றது. போன வருஷம் செங்கோடனுக்குக் காய்ச்சல். கந்தன் மட்டுமே எண்ணினார். பதினேழு முடிச்சு, மேலே அறுபது. அது 1760 அல்ல, 2100. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நோட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் படித்தார்.

"ஏனுங்க, 1760 இப்ப 1811 ஆயிருக்குது. கூடித்தானே இருக்குது?" என்றார் சின்னண்ணன்.

"இல்லீங்க. 1760ங்கறது 2100."

"அப்ப 1811ங்கறது?"

"அது 1811தானுங்க. மொதல்ல 1511னு இருந்துது."

சின்னண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எத்தனைன்னே தெரியாம மரத்துல கை வெக்கக் கூடாது. அடுத்த பங்குனிக்கு ரெண்டு பேரும் கல்லு வெச்சே எண்ணுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் கோடாலியத் தொட வேண்டாம்."

"எனக்குத் தெரியுமுங்க. குறைஞ்சுதான்..." என்று சண்முகவேல் எழுந்தார்.

"பேசாம உக்காருங்க சாமி" என்று செங்கோடன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

வீட்டுக்கு வந்து 1760-ஐ அடித்து 2100 என்று எழுதினார். மரங்களைக் காத்தது தம் கணக்கா, குழப்பமா என்று அவருக்கு விளங்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்து, "மழை இல்லை" என்று எழுதினார்.