ஆற்றுமணலில் தேய்ந்த ஈயம்

மெஹருன்னிசா கோபக்காரி என்று எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் எல்லோரும் சொல்வார்கள். கோபப்பட வைத்தது யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அவளுக்குக் கூடமாட வேலை செய்கிற நான் சொல்கிறேன்.

கிடங்குத் தரையில் வருஷக்கணக்காகக் குனிந்து சுக்கு பொறுக்கி அவள் பிரியாணி ஆக்க ஒரு பெரிய செப்புத் தேக்சா வாங்கினாள். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். உள்ளே வெள்ளையாக ஈயம் பூசியது. கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி யூசுப், "பொம்பள தம் போட்டா மூடிக்குள்ள ஆவி நிக்குமா?" என்று சாயாக்கடையில் சிரிப்பார். அதைக் கேட்டுக்கொண்டேதான் எதிர்வீட்டு ரஹீனாவின் நிக்காஹ் சமையலை அவள் பிடித்தாள். தன் பெயரில் அவள் எடுத்த முதல் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை அவள் தம்பி ரயீஸ் வந்து நின்றான். எர்ணாகுளத்துப் பிள்ளைகளை மலைக்காட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்த் தங்கவைப்பது அவன் தொழில். அங்கே கரண்ட் இல்லை, கட்டில் இல்லை, கக்கூஸ் இல்லை.

"ஆதிமனுஷன் மாதிரி இருக்கணும்னு வர்றாங்க இத்தா. தேக்சாவோட வந்து ஒரு வேளை பிரியாணி ஆக்கித் தா. நாளைக்குத் திரும்பிடலாம்."

"ஆதிமனுஷன் பிரியாணியாடா தின்னான்?" என்றாள். ஆனாலும் தம்பியாயிற்றே. போனோம்.

கல் கூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி அவள் ஆக்கினாள். பிள்ளைகள் இலையில் வாங்கிப் பாறைமேல் உட்கார்ந்து தின்றார்கள். ஆற்றில் ஒரு பொட்டு சோப்பு விழக்கூடாது என்று ரயீஸ் கட்டளை போட்டான். நல்ல பேச்சுதான்.

மறுநாள் காலையில் ஒதுங்க மறைவிடம் தேடி நாங்கள் இருவரும் காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துப் போட்டபடி திரும்பினால், ஆற்றோரத்தில் தேக்சா சாய்ந்து கிடந்தது. இரண்டு பிள்ளைகள் அதற்குள் தலையை விட்டு மணலும் கூழாங்கல்லும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ரயீஸ் போனில் படம் பிடித்தான்.

"இத்தா, பாரு! சோப்பே இல்லாம எப்படி மின்னுது!"

மின்னத்தான் செய்தது. ஈயம் போய், சிராய்த்த முழங்கால் மாதிரி உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தது.

சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். "எடுங்கடா கைய!"

ஒரு பெண்பிள்ளை பயந்துபோய், "சேச்சி, ஞங்கள் சகாயிச்சதல்லே?" என்றாள். அவளை மெஹருன்னிசா ஒன்றும் சொல்லவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள்.

"உதவின்னு நெனச்சு செஞ்சாங்க, அவங்களுக்குத் தெரியாது. உனக்குமாடா தெரியாது? நான் ஆக்கிப் போட்ட சோத்துல வளர்ந்த உடம்புதானே? இனி இதுல தயிரும் எலுமிச்சையும் பட்டா செம்பு கக்கும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு விஷம் வெளம்பவா?"

"ஈயம்தானே இத்தா, பூசிக்கலாம்."

"இன்னைக்குள்ள யாரு பூசுவா? உன் ஆதிமனுஷனா?"

அன்று மதியமே ஊர் திரும்பினோம். ஜீப்பை விட்டு இறங்கியதும், "யூசுப் பாய்கிட்ட போ. நீ செஞ்சதை உன் வாயால சொல்லி அவர் தேக்சாவைக் கேளு" என்றாள்.

ரயீஸ் தேக்சாவோடு வந்தான். "தம் அவர்தான் உடைப்பாராம். சரின்னுட்டேன்."

மூடியைச் சுற்றிய மாவை உடைத்துப் பிரியாணியைத் திறப்பவர்தான் எங்கள் பக்கம் பண்டாரி. மற்றவர்கள் எடுபிடி.

"சரின்னுட்டியா? என் பேரையும் மணல் போட்டுத் தேய்ச்சாச்சா? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா!"

அன்று சாயங்காலம் வீடு வீடாக ஏறி எவர்சில்வர் அண்டாக்கள் கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சந்து நெடுக அடுப்புகள். அவள் ரயீஸின் கையில் ஊதுகுழலைத் திணித்தாள்.

"ஊதுடா ஆதிமனுஷா."

கண் சிவக்க, மூக்கு ஒழுக, அடுப்புக்கு அடுப்பு ஓடி ஊதினான். ஒவ்வோர் அண்டாவின் தம்மையும் மெஹருன்னிசாதான் உடைத்தாள். விருந்தாளியாக வந்த யூசுப் மறுசோறு கேட்டு வாங்கினார்.

தேக்சா இன்னும் அவள் வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. ரயீஸ் தானே சுமந்துபோய் ஈயம் பூசிக் கொண்டுவரும்வரை அந்த வீட்டில் அவனுக்குச் சாயா கிடையாது. கோபக்காரியாம்.