நான் நீக்கிய மலை

தம்பி நீட்டிய தாளில் ஐந்து பாதைகள் இருந்தன. தலைப்பில் 'ஆற்றோர முகாம், வெள்ளி முதல் ஞாயிறு, ஆறு பேர்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். என் மகள் பிறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. ஏப்பம் வருவதற்காக அவளைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டியபடி, மறு கையால் தாளை வாங்கினேன். அப்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "சும்மாத்தானே வீட்டுல இருக்க. கொஞ்சம் மண்டைக்கு வேலை கொடு லா. இதுல மூணு எடுத்துக் கொடு, ஒரு நாளைக்கு ஒண்ணு."

சும்மா இருக்கிறாய் என்று எழுபது நாள் தூங்காத ஒருத்தியிடம் சொல்ல அவனால்தான் முடியும். கோபம் வரவில்லை. பாலர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை, பால் புட்டிகளுக்கும் ஈரத் துணிகளுக்கும் நடுவிலிருந்து வெளியே கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். பிறகு, எதையும் நான் சரியாகச் செய்வேன் என்று நம்பியவனும் அவன்தான். அந்த நம்பிக்கையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கடைசியாக என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதை அம்மாவிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் இருக்கிறேன். இதை எழுதும்போதும் அதே நிலைதான்.

அவனுக்கு இருபத்தாறு வயது. கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எந்திரம் ஓட்டினான். ஓய்வு நாள் கிடைத்தால் மலை. ஞாயிறு மாலைகளில் ஈப்போவில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் சேறு அப்பிய காலணிகளோடு நிற்பான். அம்மா உள்ளே விடமாட்டார். "தோட்டத்துல நாங்க பொழப்புக்குக் காடு மேடு ஏறுனோம். நீ காசு கொடுத்துட்டு ஏறுற. உனக்கு என்னாடா குறை?" என்பார். அவன் கால்களைக் கழுவிக்கொண்டே, "நீங்க ஏறுனப்ப மேல நின்னு பாக்க நேரம் இருந்துச்சாம்மா? உங்களுக்கும் சேத்துத்தான் பாத்துட்டு வாரேன்" என்பான்.

தாளில் முதலாவது, முகாமிலிருந்து அருவிக்குப் போய்வருவது. இரண்டு மணி நேரம். இரண்டாவது, போகிற வழியிலுள்ள சுண்ணாம்புக் குன்று. கல் கத்தியைப் போல அறுக்கும் என்பதால் கையுறை வேண்டும். மூன்றாவது, ஒரு மலை முதுகின் மேல் ஐந்து மணி நேர நடை. நான்காவதை அவன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். கடைசி அரை மணி நேரம் நடை கிடையாது. பாறையில் கட்டியிருக்கும் கயிறுகளைப் பிடித்து, கையும் காலும் வைத்துத் தொற்றி ஏற வேண்டிய சிகரம். அந்த முகாமே அதற்காகத்தான். ஐந்தாவது, கைவிடப்பட்ட பழைய ரப்பர் தோட்டத்தின், எங்கள் பேச்சில் கித்தா காட்டின், வழியாக ஒரு நடை. அதன் பக்கத்தில் 'மழை வந்தால் மட்டும்' என்று சின்னதாகக் குறித்திருந்தான்.

நான் ஒழுங்காக வேலை செய்கிறவள். நான்கு நாள், மகள் பால் குடிக்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் தேடினேன். ஏறியவர்கள் எழுதியதைப் படித்தேன். ஒவ்வொரு பாதைக்கும் எத்தனை மணி நேரம், தண்ணீர் எங்கே, கைப்பேசி எங்கே எடுக்கும், மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று கட்டம் போட்டு எழுதினேன். சிகரத்தின் படங்களையும் பார்த்தேன். ஈரப் பாறையில் ஒருவன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். அவன் காலுக்குக் கீழே வெறும் மேகம். அந்தக் கயிற்றை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று யாருமே எழுதவில்லை. தாளில் நான்காவதைப் பென்சிலால் அடித்து நீக்கினேன். சனிக்கிழமைக்கு ஐந்தாவதைப் போட்டேன்.

பார்த்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, மலை பாக்கச் சொன்னா கல்யாண மண்டபம் பாத்து வச்சிருக்க. கித்தா காட்டுல போய் என்னா பண்றது, பால் வெட்டுறதா?"

"இந்த ஒரு தடவை எனக்காகடா. நீ அங்க தொங்கிக்கிட்டு இருப்பன்னு நினைச்சா எனக்குப் பால் கூட சுரக்காது."

அப்படித்தான் சொன்னேன். அது நியாயமான ஆயுதமல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். அவன் என் மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி, சரி. மலை என்ன, ஓடியா போயிடும்?" என்று தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நண்பர்களிடம் என்ன சொல்லிச் சமாளித்தானோ, கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்தது இதுதான். அந்தச் சிகரத்தில் வார இறுதியில் ஆள் நடமாட்டம் இருக்கும். மரத்துக்கு மரம் வண்ண நாடா கட்டியிருக்கும். விழுந்தால் பார்க்க ஒருவர் இருப்பார். மூடிய தோட்டத்தில் யாரும் இல்லை. நிரை நிரையாக நட்ட மரங்கள் காடாகிப் போனால், எந்த நிரையில் நின்று பார்த்தாலும் நான்கு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். மண் அரிக்காமல் இருக்க வெட்டிய குழிகளைப் பெரணிச் செடி மூடியிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டிய தோட்டத்தில் பிறந்தவள் நான். பிறந்ததால்தான் அது எனக்குப் பயமாகப் படவில்லை. கயிற்றுக்குப் பயந்தேன், வீட்டை நம்பினேன். தோட்டத்தை விட்டு வந்து இருபது ஆண்டு ஆன பிறகும் அதை வீடு என்று நினைக்க எங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் கடந்து போயிருந்த ஓடை, திரும்பும்போது பெருகிவிட்டது. ஐந்து பேர் கடந்துவிட்டார்கள். கடைசியாக வந்த தம்பிக்கு முன்னால் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மேலே போய்ச் சுற்றி வருகிறேன் என்று அக்கரையிலிருந்து கையைக் காட்டிவிட்டுத் திரும்பினானாம். அவ்வளவுதான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு அம்மாவோடு போனேன். செம்பனைத் தோட்டம் முடிந்து பழைய ரப்பர் காடு தொடங்கும் இடத்தில் மீட்புப் படையின் வண்டிகள் நின்றன. வீரர்கள் இரண்டு பிரிவாக எதிர்ச் சரிவில் தேடிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தார் பாதையை விட்டு இறங்கக்கூடாது, ஆனால் பாதையோரமாக நடந்து கூப்பிட்டுப் பார்க்கலாம், தெரிந்த குரலுக்குப் பதில் வரலாம் என்று ஓர் அதிகாரி சொன்னார். நெஞ்சில் பால் கட்டிச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. வலி என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. அதோடு நடந்தேன்.

வாழ்நாளில் அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பிதான். ஆனால் அந்தக் காட்டில் எத்தனை தம்பிகள் தேடிக்கொண்டிருந்தார்களோ. அதனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். வாய் திறந்து மூன்றாவது முறைக்கு மூச்சை இழுத்தபோது அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

"போதும்டி. காட்டுல பேரைச் சொல்லாத. இங்க இருக்கிறது அவன் பேரைக் கத்துக்கும். தகரம் தட்டு, விசில் அடி, என்னா வேணும்னாலும் பண்ணு. பேரு மட்டும் வேணாம்."

தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த விதி அது. மலாய்க்காரர்களிடமிருந்து வந்ததோ, நம்மவர்கள் கப்பலில் கொண்டுவந்ததோ, யாருக்கும் தெரியாது. மரங்களுக்குள் போனால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. உன் பெயரை யாராவது கூப்பிட்டாலும் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது. மனிதர் அல்லாதது இரண்டு முறைதான் கூப்பிடும், மூன்றாவது குரல் வந்தால் மட்டும் பதில் சொல். எங்கள் இருவருக்கும் சோறு ஊட்டும்போதே அம்மா இதையும் ஊட்டியிருந்தார். டிப்ளோமா வரை படித்தவள் நான். அந்தக் கையை விலக்கியிருக்கலாம். ஆனால் பெற்றவள் சொல்கிறாள், அவளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். தகரம் தேடி ஒருவர் வண்டிக்கு ஓடினார். அதற்குள் மழை வந்துவிட்டது. சரிவு இளகுகிறது என்று எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார்கள்.

திங்கள் காலை கண்டுபிடித்தார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கீழே, கூப்பிடு தூரத்தில், ஒரு மண் குழிக்குள் கிடந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. உயிர் இருக்கிறது என்று கேட்டவுடன் அம்மா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். நான் சிரித்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அன்று மாலை மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் அவன் உதடு அசைந்தது. குனிந்தேன். குரல் கம்மியிருந்தது.

"மொத நாள் ராத்திரி யார் யாரோ கூப்பிட்டாங்கக்கா. எல்லாருக்கும் பதில் சொன்னேன். யாரும் வரல."

"பேசாதடா, அப்புறம் சொல்லலாம்."

"அப்புறம் நீ கூப்பிட்ட. ரெண்டு தரம். நீதானான்னு எனக்குத் தெரியல. நீ என் பேரைச் சொல்ல மாட்டியே." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மூணாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆட்டத்தில் நான் தேடாமல் வீட்டுக்குள் போய்விட்டால், பீப்பாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கேட்பானே, அந்த முகம். ஒரு நாள் முன்னால் கண்டெடுத்திருந்தால் காலோடு போயிருக்கும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். காயத்தின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. புதன்கிழமை போய்விட்டான்.

ஒரே விதி. அதில் ஒரு பாதியை நான் காப்பாற்றினேன், மறு பாதியை அவன் காப்பாற்றினான். நாங்கள் இருவருமே அம்மாவின் நல்ல பிள்ளைகள். இதை எப்படி அம்மாவிடம் சொல்வது? உங்கள் கைதான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால், என் கைதான், என் பென்சில்தான் என்று நான் மட்டும் சுமக்க வேண்டும். அதுவும் உண்மைதானே என்று தோன்றும் நாட்கள் உண்டு. சிகரத்துக்கே அனுப்பியிருந்தால்? நான்காவது பாதையை விட்டிருந்தால்? பாத்திரம் கழுவும்போது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தக் கேள்வி பக்கத்தில் வந்து நிற்கும். ஆயுத பூசைக்கு அம்மா அவனுடைய மலைக் காலணிகளைத் துடைத்துச் சந்தனம் வைக்கும்போதெல்லாம், வாக்கியம் தொண்டை வரை வந்து திரும்பிப் போகும்.

சென்ற மாதம் மகள் பள்ளியில் 'குடும்பத்தோடு நடை' என்று ஒரு ஞாயிறு ஏற்பாடு செய்தார்கள். இடத்தைச் சொல்லுங்கள் என்று பெற்றோர் குழுவில் கேட்டபோது, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஒழுங்காகச் செய்கிறவள் அல்லவா. மூன்று நாள் யோசித்து கிளேடாங் மலையைச் சொன்னேன். தார்ச் சாலை, காலையில் நூறு பேர் நடப்பார்கள், நாய் கூட வழி தவறாது. சொன்ன பிறகும் இரண்டு முறை மாற்றச் சொல்லிச் செய்தி எழுதி அழித்தேன். அம்மா நானும் வருகிறேன் என்றார். நான்கு ஆண்டுகளில் மரங்கள் இருக்கும் எந்த இடத்துக்கும் அவர் வந்ததில்லை.

முதல் வளைவிலேயே மகள் மற்ற பிள்ளைகளோடு ஓடி மறைந்தாள். மூச்சு விடும் நேரம்தான். நான் அடி எடுத்து வைப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார். பெயரைச் சொல்லி, மலை அதிர. வளைவுக்கு அப்பாலிருந்து மகள் "இங்கதான் இருக்கேன் பாட்டி" என்றாள். அம்மா நிறுத்தவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி. மூட்டு வலியோடு ஏறிக்கொண்டே கூப்பிட்டார். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகும், நேராக மரங்களைப் பார்த்து, அவளுடைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் போவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, கட்டிய பாலை எடுக்க நான் அரை மணி நேரம் வெளியே போனபோது, அவன் படுக்கையருகில் தனியாக உட்கார்ந்திருந்தவர் அம்மாதான். அந்த வாக்கியத்தை அவரும் கேட்டிருக்கலாம் என்று நான்கு ஆண்டுகளாக ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அருகில் போய் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். போதும் என்று சொல்லவில்லை. மூவரும் ஏறினோம். குரல் கம்மிப் போகும்வரை அம்மா கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் என் மகள் சலிக்காமல் பதில் சொன்னாள். "இருக்கேன் பாட்டி. இருக்கேன்."