திரைக்குப் பின்னால் ஒரு ஜப்பான்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசி மாதம் திருச்சிக்கு ஜப்பான் வந்தது. தகரப் பெட்டிகளில் அடைத்து மதராஸ் ரயிலில் அனுப்பியிருந்தார்கள். கன்டோன்மென்ட்டில் ஒரு கிளப் வாசலில் ‘சமகால ஜப்பானியத் திரைப்பட விழா’ என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். காவேரியில் மணல் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த வெயிலில் ஜப்பானைப் பார்க்கப் போகிறவன் ஒன்று ஜப்பான்காரனாக இருக்க வேண்டும், அல்லது ஃபிலிம் சொசைட்டி உறுப்பினனாக இருக்க வேண்டும்.

திருச்சியில் அப்படி ஒரு சொசைட்டி அப்போது இருந்தது. ஊரில் மற்றவர்கள் சினிமா பார்த்தார்கள். இவர்கள் சினிமாவை அணுகினார்கள். ஒரு படம் புரிந்துவிட்டால் அது மட்டமான படம் என்பது அவர்கள் சித்தாந்தம். உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி ஏதும் கிடையாதாம். அப்படி ஒரு யோசனையே யாருக்கும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் அந்த விழாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம்தான். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை அந்தச் சொசைட்டியின் இணைச் செயலாளர்.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்பது அப்பா சொல்வது. காலையில் எழுந்து ராத்திரி படுக்கும் வரை அம்மாவோடு சேர்ந்து நானும் சும்மா இருந்தேன். பி.டி. படித்து டீச்சராக வேண்டும் என்று எனக்கு ஆசை. விண்ணப்பம் போட்டு இடமும் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் படிப்பு கிடையாது, நிச்சயமாகாவிட்டால் போனால் போகிறது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே அந்த வைகாசியில் என் தலையெழுத்து புத்தூரில் குடியிருந்த அந்த பாங்க் உத்தியோகஸ்த மாப்பிள்ளை கையில் இருந்தது.

அவரைப் பற்றி முதலில் வந்த செய்தி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பெண் பார்க்க வர மாட்டேன் என்றாராம். சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண்ணைப் பாடச் சொல்லிவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவது காட்டுமிராண்டித்தனம் என்றாராம். பெண்ணோடு பேச வேண்டும், அவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஆகவே குடும்பத்தோடு ஜப்பானியப் பட விழாவுக்கு வாருங்கள், படம் பார்த்துவிட்டு அவள் அபிப்பிராயத்தைக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதற்கு முன்னால் வந்து போனவர்கள் என் பல்வரிசையைப் பற்றியும் சாரீரத்தைப் பற்றியும்தான் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட முதல் ஆண்பிள்ளை இவர்தான். லைப்ரரிக்குப் போய் ஜப்பானைப் பற்றி இருந்த எல்லாப் புத்தகங்களையும் எடுத்தேன். ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. பட்டுப்புழு வளர்ப்பு பற்றியது. அதையும் விடாமல் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டத்துக்கு நான், அம்மா, அப்பா மூவரும் டவுன் பஸ் ஏறிப் போனோம். கிளப் ஹாலின் ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி அடித்து இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே காற்று என்று ஒன்று கிடையாது. மாப்பிள்ளை வாசலில் நின்று எங்களை வரவேற்றார். நல்ல சிவப்பு, சுருட்டை முடி, பேச்சில் பாதி இங்கிலீஷ். அப்பாவை முன்வரிசை நாற்காலியில் உட்கார்த்திவைத்தார். பிறகு எங்களிடம் திரும்பி, ‘லேடீஸுக்குத் தனியா அரேஞ்ச்மென்ட்’ என்றார்.

அந்த ஏற்பாட்டை விளக்க வேண்டும். படங்களை அனுப்பியவர்கள் குடும்பத்தோடு எல்லோரும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம். அதனால் சொசைட்டியின் கமிட்டி ஒரு வாரம் கூடிக் கூடிப் பேசியது. பெண்களை எங்கே உட்கார்த்துவது? ஆண்களோடு உட்கார்த்தினால் ஊர் சிரிக்கும். பின்வரிசையில் போட்டால் பிற்போக்கு என்று ஆகிவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹாலின் ஒரு கோடியில் மேடை இருந்தது. மேடையின் முன் விளிம்பில்தான் திரைத்துணியைக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்குப் பின்னால், மேடைமேல், ஜமக்காளம் விரித்துப் பெண்களை உட்காரச் சொன்னார்கள். மெல்லிய துணிதான், படம் மறுபக்கமும் நன்றாகவே தெரியும், மின்விசிறியும் உண்டு. உலக சினிமாவுக்கு ஓர் அந்தப்புரம் கட்டிய பெருமை எங்கள் திருச்சிக்குத்தான்.

அங்கே ஏற்கெனவே உறுப்பினர்களின் மனைவிமார் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்தது. அடியில் இங்கிலீஷில் வசனம் வந்தது. ஒரு எழுத்தும் எனக்குப் புரியவில்லை. முதலில் என் பி.ஏ. மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகுதான் உறைத்தது. பின்னாலிருந்து பார்க்கிறோம், எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடக்கிறது. அபிப்பிராயம் கேட்கப் போகிற மனுஷர் என்னைப் படிக்க முடியாத இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்.

நல்லவேளையாக முன்வரிசையில் வயதான வக்கீல் ஒருவர் இருந்தார். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கிற பழக்கம் அவருக்கு. ஜப்பான் பெண் கண்ணீர் விட்டாள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று இங்கிலீஷில் வக்கீல் கோர்ட்டுக் குரலில் சொன்னார். மூச்சு வாங்கியபோது சில வரிகளை விட்டுவிட்டார். அவர் விட்டதை நாங்கள் நிரப்பிக்கொண்டோம்.

கதை இதுதான். ஒரு சின்ன வீடு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ஓயாத மழை. கூரை ஒழுகுகிறது. அவள் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைக்கிறாள், நிரம்பியதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறாள், மறுபடி வைக்கிறாள். அவன் ஆபீஸிலிருந்து வருகிறான், சாப்பிடுகிறான், மழையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு ஏதோ சொல்கிறான். கடைசியில் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விடுகிறான். அவள் தனியாக உட்கார்ந்து, படத்தில் முதல் தடவையாகச் சாப்பிடுகிறாள். முடிந்தது. திருச்சிப் பெண்களுக்கு அந்த மழையைப் பார்த்தே கண் நிறைந்துபோயிற்று.

ஆனால் மழையைவிட அவர்களைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. படத்தில் புருஷன் கிண்ணத்தை வலது கையில் ஏந்தி, இடது கையால் குச்சியைப் பிடித்துச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். பின்னாலிருந்து பார்த்த எங்களுக்கு அப்படித்தானே தெரியும்! ஆபீஸ்காரர்கள் சாப்பிட்டார்கள், கடைசியில் அவளும் சாப்பிட்டாள், எல்லோரும் இடது கை. மேடைமேல் ஒரே முணுமுணுப்பு. ஒரு மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தேசமே இடது கையால் சாப்பிடுமா என்று இன்னொருத்தி கேட்டாள். எழுத்தே தலைகீழாக எழுதுகிற ஜனங்கள், எதுவும் செய்வார்கள் என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எப்போதுமே ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நடுவில் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. சீராக, நிதானமாக, எங்கள் வீட்டில் தினமும் கேட்கிற குறட்டை. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விளக்குப் போட்டதும் முன்னால் ஒரே கைதட்டல். வராந்தாவில் காபி கொடுத்தார்கள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, படம் ரொம்ப உசத்தி என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். பிறகு மரியாதையாக நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அம்மா மட்டும் என் பக்கத்திலேயே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது.

“மழை எதைக் குறிக்கறதுன்னு உங்களுக்குத் தோணித்து?” என்றார் மாப்பிள்ளை.

கூரையை ஏன் அவன் ஒரு நாளும் ஏறிப் பார்க்கவில்லை என்று கேட்க நான் வாயைத் திறந்தேன்.

“மாடர்ன் மனுஷனோட தனிமை,” என்றார் அவரே.

அடுத்து அந்தப் பாத்திரங்கள் எதற்கு என்று கேட்டார். நான் மூச்சை இழுப்பதற்குள் அவை நாகரிகத்தின் வெறுமை என்று ஆயிற்று. கடைசிக் காட்சி எப்படி என்று கேட்டார். அது அவனுடைய விடுதலை என்று சொல்லிவிட்டார். அவள் படம் முழுக்கப் பட்டினி என்பதை நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உங்களோடு பேசியது ரொம்ப சந்தோஷம், நீங்கள் ஆழமாக யோசிக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். நான் அதுவரை பேசியது ‘வந்து’ என்ற ஒரே வார்த்தை.

அன்று சாயந்திரமே புத்தூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. பையனுக்குப் பரம சம்மதம், இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று சொல்கிறான், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அவர் என்னைப் பேசவே விடவில்லை என்றேன். அப்பா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேச விடாதது ஒரு குறை என்றால் எங்கள் வீட்டில் அப்புறம் குடித்தனமே கிடையாது. உத்தியோகம் இருக்கிறது, ஜாதகம் பொருந்தியிருக்கிறது, வரதட்சிணை என்று கேட்பது ஒன்றுமில்லை, இதைவிட என்ன வேண்டும் என்று அவரே கேட்டு, ஒன்றும் வேண்டாம் என்று அவரே முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜூன் மாதம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள்.

“இந்த சம்பந்தம் வேண்டாம்,” என்றாள். “அந்தப் படத்துல மனுஷா எல்லாரும் இடது கையால சாப்பிடறா. அதைப் பாத்துட்டு இந்தப் பிள்ளை கைதட்டறார். அந்த ஆத்துக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்.”

அப்பா அசந்துபோனார். ஆசாரம் என்றால் அப்பாவுக்கு உயிர். அதைக் காப்பாற்றும் வேலை முழுவதும் அம்மாவுடையது என்பதால் அதில் அவர் ஒரு சமரசமும் செய்துகொண்டதில்லை. எவனாவது அப்படிச் சாப்பிடுவானா என்று இழுத்தார்.

“நீங்கதான் முன்னாடி உக்காந்து பாத்தேளே,” என்றாள் அம்மா. “இல்லேன்னு சொல்லுங்கோ, நான் பேசலை.”

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். படம் ரொம்ப உசத்தி என்று மாப்பிள்ளையிடம் சொன்ன வாய் அது. அதில் யார் எந்தக் கையால் சாப்பிட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் அவர் விழித்திருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு, ஆமாம், நானும் கவனித்தேன், எனக்கும் மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றார். ஆள் திரும்பிப் போனார். புத்தூரில் இதைக் கேட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு உலக சினிமா புரிய இன்னும் நூறு வருஷம் ஆகும் என்றார்களாம்.

மறுநாள் காலை அம்மா அடுப்படியில் இருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் நம்பியதைக் கெடுக்கவும் மனசில்லை, தப்பாகவே நம்பட்டும் என்று விடவும் மனசில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா, அது இடது கை இல்லை, நாம் பின்னாலிருந்து பார்த்ததால் அப்படித் தெரிந்தது என்று பி.ஏ. படித்தவளுக்குரிய பொறுமையோடு விளக்க ஆரம்பித்தேன்.

அம்மா கரண்டியை வைத்தாள்.

“தினம் கண்ணாடியைப் பாத்துப் பொட்டு வெச்சுக்கறேன். எனக்கு இடது எது வலது எதுன்னு தெரியாதாடீ?”

நான் என் விளக்கத்தை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

“பிடிக்கலைன்னு நீ சொன்னா உங்கப்பா கேக்கப் போறாரா? அவருக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்ல வேண்டியிருந்தது,” என்றாள். “அந்தப் பிள்ளை கேள்வியையும் அவனே கேட்டான், பதிலையும் அவனே சொன்னான். அந்தப் படம் எனக்கு வேண்டாம். நான் பாத்தாச்சு, இருபத்தஞ்சு வருஷமா பாத்துண்டிருக்கேன்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புப் பார்த்தபடி சொன்னாள். எனக்குத்தான் கண்ணை மறைத்தது.

கூடத்தில் அப்பா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு என்ன தளிகை?” என்று குரல் கொடுத்தார். அம்மா பதில் சொல்ல நிமிர்ந்தாள். “வத்தக்குழம்புதான், வேறென்ன,” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது மோர்க்குழம்பு. அம்மா என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிரித்தாள். பிறகு இலையைப் போட்டு, அவருக்கு மோர்க்குழம்பு சாதிக்கப் போனாள். நான் ஜூன் மாதம் பி.டி. சேர்ந்தேன்.