எட்டாவது பாம்பும் ஒரு ஸ்விட்சும்

காலை எண்ணிக்கையில் ஏழு பாம்புகள் இருந்தன. எட்டு இருக்க வேண்டும்.

மறுபடி எண்ணினேன். பாம்புகள் ஒளிந்துகொள்ள வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழுதான். காணாமல் போனது முட்டை சுமந்திருந்த பெண் பாம்பு.

தொண்ணூறுகளின் கடைசி அது. டெக்சாஸில், சுகர் லேண்டுக்கு வெளியே ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். அந்தப் படிப்புக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்பார்கள். பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு இருக்கிறது. சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அங்கே பெருகி, காட்டுப் பறவைகளைத் தின்று தீர்த்தது. மின்கம்பங்களில் ஏறி ஊரை இருட்டாக்கியது. வழக்கமான வழிகள் போதாமல் விசித்திரமான வழிகளை முயன்றார்கள். செத்த எலிக்குள் பாராசிட்டமால் மாத்திரை வைத்தார்கள். நமக்குத் தலைவலி மருந்து, அந்தப் பாம்புக்கு விஷம். சரக்குப் பெட்டிகளை மோந்து பார்க்க நாய்களைப் பழக்கினார்கள். எங்கள் கூடத்தின் வழி மின்வேலி. ஏறும் பாம்புக்கு ஷாக் கொடுத்துக் கீழே தள்ளும், கொல்லாது. அந்த வேலியின் வடிவமைப்பு என்னுடையது.

சோதனை நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. நடுவில் வேலி, வேலிக்குள் பாம்புகள். கிடங்கை ஒட்டி, எண்ணெய்க் கிணறுகளுக்கான இரும்புக் குழாய்களை அடுக்கிவைத்த யார்டு. மாலையில் அங்கிருந்து ட்ரக்குகள் கிளம்பும். இந்தப் பாம்பு பகலில் இருட்டு இடுக்கில் அசையாமல் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் நகரும். டெக்சாஸ் கடற்கரைச் சூடு அதற்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். முட்டையோடு ஒரு பாம்பு ஒரு குழாய்க்குள் ஏறிப் போய்விட்டால், இன்னொரு குவாமுக்கு நாங்கள் பிள்ளையார் சுழி போட்டவர்கள் ஆவோம். இருட்டுவதற்குள் அது கிடைத்தாக வேண்டும்.

"நர்மதா, இங்க வாங்க" என்றார் குமரேசன். கோபிசெட்டிபாளையத்துக்காரர். விலங்கியல் படித்தவர், வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. குரல் இறங்கியிருந்தது.

வேலியின் ஸ்விட்ச் கீழ்நோக்கி இருந்தது. அமெரிக்காவில் மேலே தட்டினால் ஆன். நம் ஊரில் நேர்மாறு. கிடங்குக்கு வெள்ளை அடித்தபோது ஸ்விட்சில் இருந்த எழுத்தும் பெயிண்டுக்குள் மறைந்துவிட்டது. முந்தைய மாலை அவர் எலி வைப்பதற்காக அதை அணைத்துக் கொடுத்தவள் நான். போகும்போது போட்டுவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

"வெளிய வந்து பாத்தேனுங்க. கீழ இருந்துச்சு. சரி, நீங்களே போட்டுட்டீங்களாட்டம் இருக்குதுன்னு பூட்டிட்டுப் போயிட்டேன். ஊர்ல கீழ இருந்தாத்தானுங்களே எரியும்."

அவர் கை ஸ்விட்சுக்குப் போனது.

"மேல தட்டி விட்டுரலாமுங்க. ஆன்லதான் இருந்துச்சு, எப்படியோ தாண்டிருச்சுன்னு..."

"அப்ப என் வேலி வேலை செய்யலன்னு ஆகும். தீவுல யாரும் அதைத் தொட மாட்டாங்க."

"எனக்கு வேலையே போயிருமுங்க. வீட்ல அடுத்த மாசம் வர்றாங்க. விசாவெல்லாம் வந்தாச்சு."

"கையை எடுங்க குமரேசன்."

பழுதான இடத்தில் எனக்கு ஒரு வரிசை உண்டு. ஒன்று, எதையும் தொடாதே. இரண்டு, இருப்பதை இருக்கிறபடி பார். மூன்று, அதற்குப் பிறகு யோசி. மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, கீழ்நோக்கி இருந்த ஸ்விட்சின் மேல் அப்படியே ஒட்டினேன்.

மேலதிகாரி வரதன் வந்தார். மாம்பலத்துக்காரர், ஹூஸ்டனில் இருபது வருடம். பாம்பு என்றால் பயம். கிடங்குத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை அவர் தாண்டி யாரும் பார்த்ததில்லை.

"எத்தனைம்மா போச்சு?"

"ஒண்ணு. முட்டையோட இருந்தது. ஸ்விட்ச் ஆஃப்ல இருந்திருக்கு."

"யாரு?"

குமரேசன் தரையைப் பார்த்தார்.

"அதை அப்புறம் கேளுங்க வரதன். முதல்ல பக்கத்து யார்டுல ட்ரக்கை நிறுத்தணும்."

"நான் போய் நிறுத்தணுமா? அந்த மேனேஜர் கிட்ட பாம்புன்னு சொன்னா குழாயை விட்டுட்டு என்னைத்தான் வெளிய தள்ளுவான்" என்று முனகியபடியே போனார். ஆனால் போனார்.

நாங்கள் தேடினோம். ஷட்டரின் அடியில் படிந்திருந்த தூசியில் ஒரு கீறல்கூட இல்லை. சாக்கடைக் கம்பிவலை இறுகவே இருந்தது. வெண்டிலேட்டர் வலையை ஏணி போட்டுத் தடவிப் பார்த்தோம். மதியம் போனது. யார்டு அலுவலகத்திலிருந்து வரதன் போன் செய்தார்.

"நர்மதா, கடைசி ட்ரக்குல லோடு ஏத்தியாச்சு. டிரைவர் ஸ்டியரிங்ல தாளம் போடறான். நானும் தெரிஞ்ச கதையெல்லாம் சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும்."

ஷட்டருக்கு மேலிருந்த கண்ணாடியில் வெயில் மஞ்சளாகியிருந்தது. குமரேசனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

மின்சாரம் இல்லாத வேலி பாம்புக்கு வெறும் ஏணி. ஏறியது வேலியின் உச்சியில் என்ன செய்திருக்கும்? தரையில் இறங்கிய தடம் இல்லை. உச்சியிலிருந்து சுவருக்குப் போவது ஒன்றே ஒன்றுதான், மின்சார கேபிள். அந்தக் கேபிளைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். சுவர் வழியே இறங்கி, டேப் ஒட்டிய ஸ்விட்சுக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டிக்குள் நுழைந்தது. நுழையும் துளையை அடைக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. தீவில் கரண்ட் போனால் லைன்மேன்கள் முதலில் திறந்து பார்ப்பது இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான். நான் நாள் முழுக்க அதன் எதிரில் நின்றிருந்தேன்.

மெயினையும் இறக்கிவிட்டு, குச்சியால் கதவை நெம்பினேன்.

பாம்பு, கம்பிகளை முடுக்கும் டெர்மினல்களின் மேல் சுருண்டு கிடந்தது. தடித்த வயிறு இரண்டு டெர்மினல்களுக்கும் குறுக்கே இருந்தது.

குமரேசன் பாம்பைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார்.

"காத்தால மேல தட்டியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

தட்டியிருந்தால் மூடிய பெட்டிக்குள் பாம்பு கருகியிருக்கும். ஃபியூஸ் போய் வேலியும் செத்திருக்கும். உள்ளே கிடப்பது தெரியாமல் நாங்கள் யார்டில் குழாய் குழாயாகத் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

மீதி வேலை அவருடையது. கையுறை போட்டுக்கொண்டு கொக்கியை மெல்ல உள்ளே விட்டார். அது திரும்பிக் கையுறையைக் கவ்வியது.

"கடிச்சுக்க கண்ணு. இன்னிக்கு உனக்கு அந்த உரிமை இருக்குது" என்றபடியே பைக்குள் இறக்கி, பையின் வாயை முடிச்சுப் போட்டார்.

யார்டுக்குப் போன் செய்தேன். ட்ரக் கிளம்பும் சத்தம் கேட்டது. வரதன் மூச்சு வாங்க வந்து மஞ்சள் கோட்டில் நின்றார். அவர் கேட்பதற்கு முன்பே குமரேசன் சொன்னார்: "சார், நான்தானுங்க. கீழ இருந்தா ஆன்னு நெனச்சுட்டேன்."

வரதன் அவரையே பார்த்தார். "நான் வந்த புதுசுல ஃப்ரீவேல லேன் மாத்த இண்டிகேட்டர் போடறேன்னு வைப்பர் போட்டவன்யா. பின்னாடி வந்தவன் பிழைச்சது அவன் அதிர்ஷ்டம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட்ல என்னம்மா எழுதறது?"

"நடந்ததை நடந்தபடி எழுதலாம். பார்த்தா ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு தெரியாத ஸ்விட்சை வேலிக்கு வெச்சிருந்தோம். அதையும் சேர்த்து எழுதலாம்."

அப்படியே எழுதினோம். குமரேசனின் வேலை நிலைத்தது. பாம்பு அந்த வாரமே முட்டையிட்டது, பூட்டிய கூண்டுக்குள்.

புதிய பெட்டியில் ஒரு பச்சை விளக்கு வைத்தேன். ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வேலிக் கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் எரியும். புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஸ்விட்சைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், கம்பியைச் சோதியுங்கள்.

அடுத்த மாதம் குமரேசனின் மனைவி வந்து சேர்ந்தார். ஹில்கிராஃப்ட் கடைவீதியில் இனிப்பு வாங்கிக்கொண்டு அவர்கள் அபார்ட்மெண்டுக்குப் போனேன். ஹால், சமையலறை, குளியலறை எல்லா ஸ்விட்சுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.