கிளுவை வேலியில் ஏழு ஸ்டிக்கர்கள்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. வெள்ளை ட்யூப்லைட்டுக்குக் கீழே, வெள்ளை மேஜையில், வெள்ளைத் துணியை முன்பக்கம் பின்பக்கம் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியாக எடுத்து வைப்போம். அது ஆல்டருக்கு, அதாவது தைத்தவரிடமே சரிசெய்யத் திரும்பிப் போகும். நல்ல பீஸ் என்றால் ‘பாஸ்’. பதினைந்து வருஷமாக இந்த இரண்டே தீர்ப்புதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் துணி பனிமூட்டமாகிவிடும். மிஷின் சத்தம் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல் கேட்கும். கை தன்பாட்டுக்குப் புரட்டிக்கொண்டிருக்கும், நான் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் நடந்துகொண்டிருப்பேன். மாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்த நிலத்துக்கு இங்கே கொறங்காடு என்று பெயர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். நாலு பக்கமும் கிளுவை என்ற முள்செடியை நட்டு வளர்த்த வேலி. அந்த வேலிக்குள்தான் என் கொடி இருந்தது.

முதலில் பார்த்தது தற்செயல்தான். கூட வேலை செய்யும் பெண் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போனவள், சாப்பாட்டுக்கு நேரமாகும் என்று சும்மா நடந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பச்சை வேலியில் ஓரிடத்தில் மட்டும் ஏதோ பொருந்தாமல் தெரிந்தது. தொழில் புத்தி, நின்றுவிட்டேன். மெல்லிய கொடி ஒன்றில் விரல் நீளத்துக்கு நாலைந்து பூக்கள், குத்துவிளக்கின் முகங்கள் போல மேல்நோக்கி நின்றன. வெளிறிய குழலில் ஊதாக் கீற்று, உச்சியில் இதழ்களெல்லாம் ஒன்றுகூடி மூடியிருந்தன. ஒரு சின்ன ஈ இடுக்கு வழியாக உள்ளே போனது. வெளியே வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவும் இல்லை.

செல்போனில் தேடியதில் வாயில் நுழையாத ஒரு பெயர் வந்தது. இப்போதெல்லாம் அரிதாகத்தான் கிடைக்கிறது என்றும், ஈயைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விட்டுவிடும் என்றும் போட்டிருந்தது. விட்டுவிடும் என்று படித்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமையானால் திருப்பூர் நல்லூரில் காங்கேயம் பஸ் ஏறிவிடுவேன். “ஊரு ஒலகம் இன்னிக்குக் கறி எடுக்கும். ஒனக்கு முள்ளுக்குள்ள என்ன வேல?” என்பார் வீட்டுக்காரர். எங்கள் சாத்தூர்ப் பக்கத்து வாய், அடங்காது. காட்டுக்காரர் அதற்கும் மேல். வேலிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த என்னிடம், “ஏனுங்க அம்மிணி, ஆட்டைத் தொலைச்சுப்போட்டீங்களா?” என்றார். பூப் பார்க்க வந்தேன் என்றதும் சிரித்துவிட்டு, “பாருங்க, பாருங்க. போறப்போ படலைச் சாத்திட்டுப் போங்க, மாடு வெளிய போயிரும்” என்றதோடு சரி. திருப்பூரில் அவருக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட்டும் உண்டு.

மூன்று வருஷத்தில் அந்த வேலியில் ஏழு கொடிகளைக் கண்டுபிடித்தேன். அக்கம்பக்கத்து வேலிகளில் மணிக்கணக்காக அலைந்தும் எட்டாவது கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் கொடி சுவடில்லாமல் காய்ந்துபோகும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தூங்கும். அடுத்த மழைக்கு இடம் தெரிய வேண்டுமே. பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு ஸ்டிக்கரைக் கிளுவைத் தண்டில், அம்பு கொடியைக் காட்டும்படி ஒட்டி வைத்தேன். வெளுத்துப்போனால் புதிது ஒட்டுவேன். ஏழு ஸ்டிக்கர், ஏழு கொடி. உலகத்தில் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான் மிச்சம்.

சென்ற கார்த்திகையில் இரண்டு கொடிகளில் கொம்பு கொம்பாகக் காய் பிடித்திருந்தது. ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒரு ஞாயிறு போக முடியவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது படல் திறந்து கிடந்தது. வேலியோரம் புதிதாகக் கொத்திய மண். முதல் ஸ்டிக்கர் இருந்தது, கீழே கொடி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஏழாவது வரைக்கும் ஓடினேன். பக்கத்திலேயே கோவைக்கொடியும் பிரண்டையும் கொழுகொழுவென்று அப்படியே நின்றன. அம்பு காட்டிய கொடி மட்டும், ஏழும், வேரோடு போயிருந்தது.

வெள்வேல மரத்தடியில் நாலு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டுக்காரரின் யூனிட் பெண்கள். ஆர்டர் இல்லாத வாரம் என்று காட்டு வேலைக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

“யாரு தாயி அந்தக் கொடியப் பிடுங்கினது?” கத்தினேன். கோபம் வந்தால் திருப்பூரில் பழகிய பதினைந்து வருஷத்து ‘ங்க’ எல்லாம் எனக்குப் பறந்துவிடும்.

ஒருத்தி எச்சில் கையோடு எழுந்தாள். “நாங்கதானுங்க அக்கா. தண்ணிக் கொழாய் போடோணும், வேலியோரம் கொடியெல்லாம் எடுங்கன்னாரு. பாத்தா செவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. செக்கிங் முடிஞ்சிருச்சாட்ட இருக்குதுன்னு, ஒட்டுனதை மட்டும் எடுத்தமுங்க.”

அவர்கள் மேல் என்ன தப்பு? சிவப்பு அம்பைப் பார்த்தால் நானும் அதைத்தானே செய்திருப்பேன். குறை என்று சொல்லும் அடையாளத்தை என் கையாலேயே ஒட்டி, காட்டிக்கொடுத்திருக்கிறேன். “எங்க வீசினீங்க?” என்றேன்.

அவள் விழித்தாள். “வீசறதாவதுங்க? ஒட்டுனவங்க வந்து கேப்பாங்கல்ல?”

மரத்துக்குப் பின்னால் ஈரச் சாக்கு ஒன்று இருந்தது. திறந்து காட்டினாள். ஏழு கொடிகள் சுருட்டி, ஆல்டர் பீஸ்களைக் கட்டுவதுபோலவே பனியன் வேஸ்ட் துணியில் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. அன்று காலையில் எடுத்ததுதான். கிழங்குகளில் மண்கூடக் காயவில்லை. ஒரு கிழங்கில் மட்டும் மண்வெட்டிக் கொத்து பட்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், எதற்கென்று தெரியாமல் அவளும் கலங்கிப்போனாள்.

அந்த நாலு பேரும் நானுமாக அன்றைக்கே அதே இடங்களில் நட்டோம். காட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அம்மிணி. கொழாய நான் அந்தப் பக்கம் கொண்டுபோயிக்கறேன்” என்றார். உண்மைதான். மூன்று வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். கிளம்பும் முன் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கொடிகள் ஒரு வாரத்தில் வாடிவிட்டன, காய்களும் வீணாயின. கிழங்கு பிழைக்குமா என்று அடுத்த மழை வரை தெரியாது. அந்தப் பத்து மாதமும் மேஜையில் துணி பனிமூட்டமாகும்போதெல்லாம் மண்ணுக்குள் ஏழு கிழங்குகள் தெரிந்தன. வெள்ளைத் துணியை விலக்கினால் அடியில் அவை இருக்கும்போலத் தோன்றும்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்தது. ஞாயிறு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் படலைத் திறந்தேன். அடையாளம் ஒன்றும் இல்லாத வேலியோரமாக மெதுவாக நடந்தேன்.

எனக்கு முன்னாலேயே அவள் வந்திருந்தாள், அதே பெண். எச்சில் கையோடு எழுந்து நின்றவள். வேலியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இளங்கொடியின் இலை ஒன்றை முன்பக்கம் பின்பக்கம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“கொத்துப்பட்டது வருலீங்க அக்கா” என்றாள். “மத்த ஆறும் பாஸ்.”