சீக்கிரம் மூடிய உச்சி

என் மகளுக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே உச்சிக்குழி மூடிவிட்டது. வீட்டில் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டோம். குளிக்க வைக்க வந்த நாத்தனார் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தடவிப் பார்த்து, "இப்பவே மூடிருச்சு அம்மணி, நல்ல சத்தான புள்ள" என்றார். கருமத்தம்பட்டியில் எங்கள் தெரு முழுக்க அந்தச் செய்தி போனது. தலை கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததற்கும் அவரிடம் காரணம் இருந்தது. நான் பிள்ளையை ஒரே பக்கமாகப் படுக்கப் போடுகிறேனாம்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் தலையைத் தடவினார், டேப் வைத்து அளந்தார், பிறகு ஊசியை மறந்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். குழந்தையின் மண்டை எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டுமாம். மூளை வளர வளர அது விட்டுக்கொடுக்கும். இவளுக்கு உச்சியில் நீளவாக்கில் அது முன்னாடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. சர்ஜனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: மூளை வளர்ச்சி சரியாக இருக்குமா? "நிறையக் குழந்தைங்க நல்லாவே வளர்றாங்க. சிலருக்குப் பேச்சு, படிப்பு, கவனம், இதுல கொஞ்சம் சிரமம் வரலாம். பள்ளிக்கூடம் போற வரைக்கும் கவனிச்சுக்குங்க" என்றார். அவர் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார். நான் அன்றிலிருந்து வேறு வேலை பார்க்கவில்லை.

நாத்தனாருக்கு வேறு கவலை. குலதெய்வத்துக்குப் போக வேண்டிய முதல் முடி ஆஸ்பத்திரி மெஷினுக்குப் போய்விட்டது. சாமி கோவித்துக்கொள்ளக் கூடாதென்று, முடி மறுபடி வளர்ந்ததும் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தோம். மழித்து முடித்ததும், ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை வளைந்து வளைந்து போகும் தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பந்தி மொத்தமும் கறிச்சோற்றை விட்டுவிட்டு அதைப் பார்த்தது.

"ஏனுங்க, புள்ளைக்கு மூளையெல்லாம் நல்லாருக்குதுங்களா?" என்று ஒருவர் விசாரித்தார். எங்கள் பக்கத்தில் எதைக் கேட்டாலும் மரியாதையாகத்தான் கேட்பார்கள். அப்புறம் பரீட்சை ஆரம்பித்தது. காக்கா எப்படிக் கத்தும், மூக்கு எங்கே, மாமன் யாரு கண்ணு. தலையில் சந்தனத்தோடு என் தோளில் சாய்ந்துகொண்டு அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கு எங்கே என்று கேட்ட மாமன், அன்று போட்டிருந்த போதையில் தன் மூக்கையே தேட வேண்டிய நிலையில்தான் இருந்தார்.

ஆனால் வீட்டில் நான் செய்ததும் அதேதான். தட்டைப் போட்டால் இது என்ன கலர், பஸ்ஸில் ஏறினால் அது என்ன எழுத்து. அவள் தடுக்கி விழுந்தால், கல்லைப் பார்க்காமல் அவள் தலையைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் அவள் வயதுப் பெண் ஒருத்தி வாய் மூடாமல் பேசுவாள். ஒரு குழந்தையின் மேல் அவ்வளவு பொறாமை வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என் மகள் பேசினாள், ஆனால் ஒற்றைச் சொல்லாகப் பேசினாள். "தண்ணி." "போலாம்." "வேண்டாம்." அவளுடைய அப்பாவும் அப்படித்தான். அவருக்கு வேலை தறிப்பட்டறையில்; தறி ஓடுகிற இடத்தில் அதற்கு மேல் பேசினாலும் யாருக்கும் கேட்காது. யுகேஜி சேர்த்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்கு வளர்ச்சிப் பரிசோதனைக்காகக் கூட்டிப் போனோம். கட்டை அடுக்கினாள், படம் பொருத்தினாள், வட்டம் வரைந்தாள். பேச்சு மட்டும் வயதுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் சரி என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

"இது அந்த எலும்பாலங்களா, இல்ல அவங்கப்பா மாதிரிங்களா?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார்.

"அதை யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. எதனால எதுன்னு சேத்துப் பேசறாளான்னு பாருங்க. அது வந்தா நல்ல அடையாளம்" என்றார் டாக்டரம்மா.

பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ஏன்' வந்தது. ஏன் அழுகிறாய், ஏன் சிரிக்கிறாய், இந்தச் சட்டை ஏன் பிடித்திருக்கிறது. அவள் "சும்மா" என்பாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடத்துக்கு 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள், சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, நாக்கு எதற்கு வெளியே வருகிறது என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் போங்க. நீங்க பாத்தா எனக்குக் கை வரமாட்டீங்குது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏங்கிக் கிடந்த வாக்கியம், காரணத்தோடு, முழுசாக வந்திருந்தது. அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலவும் இருந்தது, அவள் கண்ணில் படாமல் எங்காவது போய்விட வேண்டும் போலவும் இருந்தது. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கதவை நாங்கள் சாத்துவதே இல்லை. எட்டிப் பார்க்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.