ஆறாவது பாட்டு, மோகன்

"கேட்டீங்களா டீச்சர்?"

பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்று என்னிடம் இப்படிக் கேட்ட மோகன் போய்விட்டார். முந்தாநாள் நெஞ்சு வலி... லீவில் மடுல்சீமை வீட்டுக்கு வந்திருந்தாராம். அந்த ரோட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மோகனைப் பலருக்குத் தெரியாது. 'பெரட்டு' என்ற ராக் பேண்டின் பாடகர், கிட்டார்காரர். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு, அதே பெயர்தான். மூன்று ஆல்பம் போட்டார்கள்.

என் மாணவர் இல்லை. நான்தான் அவருடைய ரசிகை.

முதல் தடவை பார்த்தது ஸ்கூல் ஹோலில், அவர்கள் வாசிக்க வந்தபோது. பிள்ளைகள் கூச்சல் போடாமல் பார்த்துக்கொள்ள என்னை டியூட்டி போட்டிருந்தார்கள். கூட்டத்தை அடக்கப் போன நான் கடைசிவரை முன் வரிசையில்...

அந்தக் கிட்டார் சத்தத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பசறையிலிருந்து மேலே ஏறும் பஸ், ஆள் நிறைந்து, முதல் கியரில் ஒரு வளைவைத் திரும்பும் பாருங்கள். அந்த முக்கல். அதற்கு மேலே ஒரு மெல்லிய குரல். முதல் ஆல்பம் முழுக்க அதுதான்.

இரண்டாவது ஆல்பத்தை ஒரு ஞாயிறு பகலில் மோகனின் லயத்து வீட்டிலேயே, சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வரிசை வீட்டில், ரெக்கோர்ட் செய்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் செல்வா ஒரு பாட்டுக்கு நிஜத் தப்பு மேளத்தையே எடுத்து, சாவுக்கு அடிக்கிற அடியை அடித்துவிட்டார். பெரட்டுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. தோட்டத்தில் அது எல்லாக் காதுக்கும் தெரியும்.

பாட்டு முடியும் இடத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். கீழ் லயத்து அத்தை.

"அடேய், யாருடா போயிட்டது? ஒரு வார்த்த சொல்லலையே!"

"யாரும் சாகல அத்த. பாட்டு."

"பாட்டா? வெளங்கும்! உலையில அரிசியப் போட்டுட்டு ஓடியாறேன்டா பாவி! பின்னால பாரு, பாதி லயம் வருது!"

பிறகு எல்லோரும் சிரிக்கிறார்கள். மோகன் அதை வெட்டவில்லை, அப்படியே விட்டார். எத்தனை தடவை கேட்டிருப்பேனோ...

அப்புறம் செல்வா கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனார். மூன்றாவது ஆல்பத்தை மோகன் தனியாகவே செய்து, ஒரு பென்டிரைவில் போட்டு, என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்.

நான் மேசை லாச்சியை இழுத்து அதை உள்ளே வைத்தேன். அப்புறம் கேட்கலாம் என்று.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த பஸ் ஸ்டாண்ட்.

"கேட்டேன் தம்பி. நல்லா இருக்கு."

"எந்தப் பாட்டு டீச்சர்?"

"எல்லாமே."

முப்பது வருஷம் வகுப்பில் நின்றவள் நான். பாடத்தைத் திறந்தே பார்க்காத பிள்ளைதான் "எல்லாம் வெளங்கிச்சு டீச்சர்" என்று சொல்லும். மோகனுக்கும் அது விளங்கியது. சிரித்தார்.

"இல்ல டீச்சர்... கேக்குறதுக்கு ஒரு ஆள் இருந்தாலும் நாலாவது போடலாம்னு நெனச்சேன். அதான் கேட்டேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அடுத்த மாதமே கிட்டாரை விற்றுவிட்டு மொனராகலையில் ஒரு கடை வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் பண்ணவில்லை. என்ன சொல்வது...

நேற்று அடக்கம். தப்பு அடித்தார்கள். வாசலில் ஓர் அம்மா அழுதுகொண்டிருந்தார். அதற்கு முன் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனால் குரல் தெரிந்தது. கீழ் லயத்து அத்தை. இந்தத் தடவை அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை லாச்சியிலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.

ஆறாவது பாட்டில் டிரம்ஸ் இல்லை. அடிக்கத்தான் ஆள் இல்லையே. கிட்டாரின் மரத்தில் உள்ளங்கையால் தட்டுகிறார். அதே சாவு அடி. பாட்டு முடிந்ததும், அத்தையைப் போலவே குரலை மாற்றி, "யாருடா போயிட்டது?" என்கிறார்.

யாரும் கதவைத் திறக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கிறார், மூச்சு விடுவது கேட்கிறது. அப்புறம் மெஷினை நிறுத்துகிற 'டிக்'.

ஆறாவது பாட்டு, மோகன். எந்தப் பாட்டு என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இனி இதை வைத்து என்ன செய்ய...

போய்ட்டு வாங்க தம்பி.

மூன்று ஆல்பத்தையும் என் மகள் இந்தப் போஸ்டின் கமெண்டில் ஏற்றியிருக்கிறாள். மூன்றாவதில் ஆறாவதைப் போடுங்கள். அந்த 'டிக்' கேட்கும்வரை நிறுத்தாதீர்கள்.